ஒரே நாளில் பிறந்த இரண்டு பேர்

எங்கள் மாலை வகுப்பு லாலாகூடாவில் நடக்கிறது. லாலாகூடா சிகந்தராபாத்தில் உள்ளது. அங்கே பெரிய ரயில்வே பட்டறை இருக்கிறது. தாத்தா காலத்தில் ரயில் வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. வீட்டில் தமிழ் பேசுவார்கள். கடைத்தெருவில் தெலுங்கு, உருது எல்லாம் பேசுவார்கள்.

ஹைதராபாத்தையும் சிகந்தராபாத்தையும் இரட்டை நகரங்கள் என்று சொல்வார்கள். ஹைதராபாத் 1591-ல் உருவானது. சிகந்தராபாத் 1806-ல் உருவானது. நடுவில் 215 ஆண்டுகள்! ஆனாலும் இரட்டை என்றுதான் பெயர். ஒன்றில் சார்மினார். மற்றதில் ரயில் நிலையமும் கன்டோன்மென்ட்டும். இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று யாராவது சொல்வார்களா? சொல்லமாட்டார்கள்.

ஆனால் இரட்டைக் குழந்தைகளைப் பார்த்தால் மட்டும் நமக்கு வேறு எண்ணம் வந்துவிடுகிறது. இரண்டும் ஒன்று என்று நினைக்கிறோம். ஒன்று நடந்தால் மற்றதும் அன்றே நடக்க வேண்டும். ஒன்று பேசினால் மற்றதும் பேச வேண்டும். அப்படி நடக்காவிட்டால் கவலை வருகிறது. பேச்சும் வருகிறது.

எங்கள் வகுப்பில் அப்படி ஒரு பேச்சு வந்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பேச்சைப் பிடுங்கிக்கொண்டாளா?

வகுப்புக்கு ஒரு அம்மா வருகிறார். வீட்டில் தையல் வேலை செய்பவர். அவருக்கு இரட்டைக் குழந்தைகள். ஒன்று பெண், ஒன்று ஆண். இரண்டு வயது ஆகிறது. வகுப்புக்கு வரும்போது இரண்டையும் கூட்டிக்கொண்டு வருவார். கூடவே அவர் மாமியாரும் வருவார்.

பெண் குழந்தை ஓயாமல் பேசும். “டீச்சர், தண்ணி தா” என்று என்னிடமே கேட்கும். பையன் பேசமாட்டான். தண்ணீர்ப் பானையைக் கை காட்டுவான். உடனே அக்காக்காரி, “அவனுக்கும் தா” என்பாள்.

ஒருநாள் மாமியார் சொன்னார்:

“பார்த்தீங்களா டீச்சர்? வயித்துல இருக்கும்போதே இவ அவன் பேச்சைப் பிடுங்கிக்கிட்டா. பொட்டப்பிள்ளைக்கு இவ்வளவு வாய் எதுக்கு? ஏய், கொஞ்சம் வாயை மூடு. அவன் பேசட்டும்.”

குழந்தையின் முகம் சுருங்கிவிட்டது. ஏன் திட்டுகிறார்கள் என்று அதற்குப் புரியவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

“அத்தை தினமும் இப்படித்தான் சொல்றாங்க டீச்சர். ஒருவேளை நிஜமா இருக்குமோ?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

நிஜம் இல்லை. ஒரு குழந்தையின் பேச்சை இன்னொரு குழந்தை பிடுங்க முடியாது. ஆனால் பாட்டி கவனித்தது உண்மை. பையன் தாமதமாகத்தான் பேசுகிறான். அதற்குக் காரணங்கள் வேறு.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேல் நாள் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுகின்றன. கர்ப்பப்பையில் இடம் போதாது. இந்தக் குழந்தைகளும் ஒன்றரை மாதம் முன்னதாகப் பிறந்தவை. அப்படிப் பிறந்த குழந்தைக்கு வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணினால் போதாது. பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்தும் எண்ண வேண்டும். காலண்டர்படி இவர்களுக்கு 24 மாதம். வளர்ச்சிக் கணக்கில் இருபத்திரண்டரை மாதம்தான். இரண்டு வயது வரை டாக்டர்கள் இப்படித்தான் கணக்குப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடும்போது இந்த ஒன்றரை மாதத்தை யாரும் கழிப்பதில்லை.

இரண்டாவது காரணம் வீட்டில் இருக்கிறது. ஒற்றைக் குழந்தை என்றால் அம்மா அதோடு மட்டும் பேசுவாள். அதன் கண்ணைப் பார்த்துப் பேசுவாள். அது ‘ஊ’ என்றால் இவளும் ‘ஊ’ என்பாள். இரண்டு என்றால்? ஒன்றுக்குப் பால் கொடுக்கும்போது மற்றது அழும். ஒன்றுக்குத் துணி மாற்றும்போது மற்றது கட்டில் ஓரத்துக்குப் போய்விடும். பேச நேரம் ஏது? பேசினாலும் “வாங்க, சாப்பிடுங்க, தூங்குங்க” என்று இரண்டுக்கும் சேர்த்துத்தான் பேச முடிகிறது. அதனால் இரட்டையர் சராசரியாகச் சில மாதங்கள் தாமதமாகப் பேசுகிறார்கள். அதிலும் பையன்கள் இன்னும் கொஞ்சம் தாமதம். இது பல நாடுகளிலும் பார்த்த விஷயம்.

மூன்றாவது காரணம் அக்காக்காரிதான். ஆனால் அவள் பிடுங்கவில்லை. கொடுக்கிறாள்! அவன் கை காட்டுகிறான். இவள் சொல்லிவிடுகிறாள். தண்ணீர் வந்துவிடுகிறது. அவன் எதற்காகப் பேச வேண்டும்? வீட்டில் மொழிபெயர்ப்பாளர் இருக்கும்போது யார்தான் வாயைத் திறப்பார்கள்?

சில இரட்டையர் தங்களுக்குள் ஒரு மழலை பேசுவார்கள். மற்றவர்களுக்குப் புரியாது. அதை ரகசிய மொழி என்பார்கள். அது ரகசியமும் இல்லை, அதிசயமும் இல்லை. இரண்டு குழந்தைகள் ஒரே மாதிரித் தப்பாகப் பேசிப் பழகியிருக்கிறார்கள். பெரியவர்கள் கூடப் பேசப் பேச அது மறைந்துவிடும்.

“அப்ப நான் என்ன பண்ணணும்?” என்று அந்த அம்மா கேட்டார்.

அக்காக்காரியின் வாயை மூட வேண்டாம். பையனைத் தனியாக மடியில் வைத்துக்கொண்டு தினமும் பத்து நிமிடம் பேச வேண்டும். அந்த நேரத்தில் பெண் குழந்தை பாட்டியிடம் இருக்கட்டும். பாட்டிக்கும் வேலை வேண்டுமே! பிறகு பெண்ணுக்கு ஒரு பத்து நிமிடம். அவள் நன்றாகப் பேசுகிறாள் என்பதற்காக அவளுக்கு அம்மா மடி வேண்டாம் என்று ஆகிவிடாது.

ஒரு எச்சரிக்கையும் சொன்னேன். எல்லாத் தாமதத்தையும் “இரட்டை, அதனால்தான்” என்று விட்டுவிடக் கூடாது. ஒன்றரை வயதாகியும் நடக்காவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டு வயதாகியும் “அம்மா வா”, “பால் தா” என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கட்டினால் கூடக் கேட்பது குறையும். சோதிப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. 2013 முதல் அரசு ஒரு திட்டம் நடத்துகிறது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும். அங்கன்வாடியில் கேட்டால் சொல்வார்கள்.

இரட்டையரில் இரண்டு வகை

வகுப்பில் இன்னொருவர் கேட்டார்: “ஒரே வயித்துல, ஒரே நேரத்துல வளர்ந்த பிள்ளைங்க. ஒண்ணு ஆண், ஒண்ணு பெண். அது எப்படி?”

இரட்டையரில் இரண்டு வகை உண்டு. சில சமயம் தாயின் உடலில் ஒரே மாதத்தில் இரண்டு கருமுட்டைகள் வெளிவரும். இரண்டும் தனித்தனியாகக் கருவாகும். இவர்கள் சாதாரண அண்ணன் தங்கை போலத்தான். பிறந்த தேதி மட்டும் ஒன்று. நிறம், உயரம், குணம் எல்லாம் மாறலாம். ஆணும் பெண்ணுமாகவும் இருக்கலாம். நம் வகுப்புக் குழந்தைகள் இந்த வகை.

இன்னொரு வகையில் கருமுட்டை ஒன்றுதான். கருவான பிறகு அது இரண்டாகப் பிரிகிறது. இவர்கள் இருவரும் ஆணாக இருப்பார்கள், அல்லது இருவரும் பெண்ணாக இருப்பார்கள். அச்சு வார்த்தது போல இருப்பார்கள். ஆயிரம் பிரசவத்தில் சுமார் நான்கு இப்படி. எந்த நாட்டிலும் ஏறக்குறைய இதே அளவுதான்.

அச்சு வார்த்தது போல என்று சொன்னேன். அதுவும் முழு உண்மை இல்லை. இவர்களின் கைரேகையை எடுத்துப் பார்த்தால் வேறு வேறாக இருக்கும். கர்ப்பப்பையிலேயே வித்தியாசம் தொடங்கிவிடுகிறது. இந்த வகையில் பெரும்பாலும் இருவருக்கும் நஞ்சுக்கொடி ஒன்றுதான். அதில் ஒரு குழந்தைக்கு ரத்தம் கூடுதலாகப் போகலாம். மற்றதற்குக் குறையலாம். அதனால் ஒன்று இரண்டே கால் கிலோ இருக்கும்போது மற்றது ஒன்றே முக்கால் கிலோ இருக்கலாம். பிறந்த பிறகு ஒன்றுக்குக் காய்ச்சல் வரும், மற்றதற்கு வராது. ஒன்றைப் பாட்டி தூக்குவார், மற்றதை அத்தை தூக்குவார். இப்படியே இரண்டு மனிதர்கள் உருவாகிவிடுகிறார்கள்.

கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் கொடிஞ்ஞி என்று ஓர் ஊர் உண்டு. அங்கே நானூறு ஜோடிக்கு மேல் இரட்டையர் இருக்கிறார்கள். ஊர் எல்லையில் பலகையே வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் பெரியவர்களுக்குத் தெரிந்த இரட்டையர் ஆற்காடு சகோதரர்கள். ஏ. ராமசாமி முதலியார், ஏ. லட்சுமணசாமி முதலியார். 1887-ஆம் ஆண்டு கர்னூலில் பிறந்தார்கள். ஒருவர் வக்கீல் ஆனார். மைசூரில் திவானாக இருந்தார். ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார, சமூகக் குழுவுக்கு முதல் தலைவரும் அவர்தான். மற்றவர் டாக்டர் ஆனார். அதுவும் பிரசவ மருத்துவர்! சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தார். ஒரே நாளில் பிறந்தவர்கள். ஒருவர் போன வழியில் மற்றவர் போகவில்லை.

“அவங்க எல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைங்க. அவங்களுக்கு என்ன!” என்றார் பாட்டி.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் ஏழை வீட்டில் பிறந்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் வளர்ந்தது இதே ஹைதராபாத்தில்தான்.

வீணாவும் வாணியும்

2003-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர்கள் பிறந்தார்கள். பெற்றோர் அப்போதைய வாரங்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர்கள். வசதி இல்லாதவர்கள். பிறந்த இரண்டும் பெண். இரண்டு பேர் தலையும் ஒட்டியிருந்தது.

கரு இரண்டாகப் பிரியும் என்று சொன்னேன் அல்லவா? மிக அரிதாக அது தாமதமாகத் தொடங்கி, முழுதும் பிரியாமல் நின்றுவிடும். அப்போது குழந்தைகள் ஒட்டிப் பிறக்கும். மார்பு ஒட்டியிருக்கலாம், வயிறு ஒட்டியிருக்கலாம். தலை ஒட்டிப் பிறப்பது அதிலும் அரிது. இது யார் செய்த பாவமும் இல்லை. கிரகணத்தாலும் வருவதில்லை. தாய் செய்த தப்பும் இல்லை.

குழந்தைகளை முதலில் குண்டூர் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். 2006-ல் ஹைதராபாத் நீலோஃபர் மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். நீலோஃபர் நம் எல்லோருக்கும் தெரிந்த குழந்தைகள் ஆஸ்பத்திரி. நிஜாம் வீட்டு மருமகள் நீலோஃபர் இளவரசியின் பெயர் கொண்டது. அவருடைய பணிப்பெண் ஒருவர் பிரசவத்தில் இறந்துபோனார். அந்தத் துயரத்தில்தான் இப்படி ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று அவர் முயன்றார்.

அந்த ஆஸ்பத்திரியே வீணாவுக்கும் வாணிக்கும் வீடு ஆகிவிட்டது. சிகிச்சை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று வந்தவர்கள் பத்து ஆண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். பெற்றோர் ஊரில் இருந்தார்கள். கூலிக்குப் போனால்தான் சோறு. இங்கே தங்க வழியில்லை. நர்சுகளும் ஆயாக்களும்தான் குளிப்பாட்டினார்கள், சாப்பாடு கொடுத்தார்கள். பிறந்த நாளுக்கு ஆஸ்பத்திரியில் கேக் வெட்டினார்கள். பாடம் சொல்லிக் கொடுக்கவும் ஏற்பாடு நடந்தது.

பிரித்துவிட முடியாதா? இதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். மூளை இருவருக்கும் தனித்தனி. ஆனால் மூளையின் ரத்தக் குழாய்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தன. ஒருவருடைய குழாயை வெட்டினால் மற்றவர் உயிருக்கு ஆபத்து. வெளிநாட்டு டாக்டர்களிடம் கேட்டார்கள். 2015-ல் லண்டனிலிருந்து நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். டில்லி எய்ம்ஸ் டாக்டர்களிடமும் யோசனை கேட்டார்கள். ஆபத்து மிக அதிகம் என்ற முடிவுக்குத்தான் வர முடிந்தது. ஆபரேஷன் நடக்கவில்லை.

அப்படியானால் அவர்கள் நாள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருத்தி எழுந்தால் மற்றவளும் எழ வேண்டும். ஒருத்திக்குத் தூக்கம் வந்தால் மற்றவளும் படுக்க வேண்டும். ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டுமென்றால் மற்றவள் சம்மதிக்க வேண்டும். நாம் ஒரு நாளில் நூறு முறை யாரையும் கேட்காமல் திரும்புகிறோம், நடக்கிறோம், உட்காருகிறோம். அவர்கள் அதை எல்லாம் இன்னொருவரோடு சேர்ந்துதான் செய்தாக வேண்டும். சண்டை போட்டாலும் எழுந்து அடுத்த அறைக்குப் போக முடியாது. கோபத்தையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் ஆற வேண்டும்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பெரிய பிள்ளைகளை வைத்திருக்க முடியாது. அதனால் 2017 தொடக்கத்தில் இருவரையும் யூசுஃப்கூடாவில் உள்ள அரசு இல்லத்துக்கு மாற்றினார்கள். அங்கிருந்து படிப்பு தொடர்ந்தது.

இரண்டு ஹால் டிக்கெட்

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. வீணாவும் வாணியும் தேர்வு எழுத வந்தார்கள்.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். “அவர்களுக்கு எத்தனை ஹால் டிக்கெட் கொடுத்திருப்பார்கள்?”

ஒருவர் “ஒண்ணுதானே?” என்றார். ஒருவர் யோசித்தார். தையல் வேலை செய்யும் அம்மா மட்டும், “ரெண்டு” என்றார்.

இரண்டுதான். இரண்டு பெயர், இரண்டு எண், இரண்டு விடைத்தாள். தலை ஒட்டியிருந்தாலும் தேர்வு எழுதுகிறவர்கள் இரண்டு பேர். தேர்வுத் துறை அதைச் சரியாகவே செய்தது.

அந்த ஆண்டு கொரோனா வந்ததால் தேர்வு பாதியில் நின்றது. பள்ளியில் முன்பு வாங்கிய மதிப்பெண்களை வைத்து எல்லா மாணவர்களுக்கும் முடிவு கொடுத்தார்கள். பத்துக்கு வீணா 9.3 வாங்கினார். வாணி 9.2 வாங்கினார். பிறகு வணிகவியல் பாடம் எடுத்து இன்டர்மீடியட் படித்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. ஆயிரத்துக்கு வீணா 712. வாணி 707. இருவரும் முதல் வகுப்பு. சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆக வேண்டும் என்று அப்போது ஆசையைச் சொன்னார்கள்.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். 712. 707. கழித்தால் ஐந்து.

ஒரே கருவிலிருந்து வந்தவர்கள். ஒரே அறையில் வளர்ந்தவர்கள். ஒரே சோறு. ஒரே டீச்சர். ஒருவரை விட்டு ஒருவர் ஒரு நிமிடம் கூடப் பிரியாதவர்கள். அவர்களுக்கே ஐந்து மதிப்பெண் வித்தியாசம். வீணாவுக்குத் தெரிந்த ஏதோ ஒரு விடை வாணிக்குத் தெரியவில்லை. வேறு ஏதோ ஒன்று வாணிக்குத் தெரிந்து வீணாவுக்குத் தெரியாமல் இருந்திருக்கும்.

வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பாட்டி மட்டும், “அடேங்கப்பா” என்றார்.

ஈரானில் பிறந்த லாடன், லாலே என்ற சகோதரிகளைப் பற்றியும் சொன்னேன். அவர்களும் தலை ஒட்டிப் பிறந்தவர்கள். லாடனுக்கு வக்கீலாக ஆசை. லாலேவுக்குப் பத்திரிகையாளராக ஆசை. சேர்ந்து ஒரு படிப்புத்தானே படிக்க முடியும்? அதனால் இருவரும் சட்டம் படித்தார்கள். லாலே தன் விருப்பத்தை விட்டுக்கொடுத்தார். எத்தனை நாள் விட்டுக்கொடுக்க முடியும்? 29 வயதில், ஆபத்து என்று தெரிந்தும், பிரித்துவிடச் சொல்லிச் சிங்கப்பூர் போனார்கள். 2003 ஜூலை 8-ஆம் தேதி, ஆபரேஷனில் இருவரும் இறந்துபோனார்கள். அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் வீணாவும் வாணியும் பிறந்தார்கள்.

தனி ஆளாக இருக்க வேண்டும் என்ற ஆசை அவ்வளவு பெரியது. இரட்டையருக்கு ஒருவர் மேல் ஒருவர் அன்பு இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்தச் சகோதரிகள் ஒருவரை ஒருவர் மிகவும் நேசித்தார்கள். அன்பும் வேண்டும், தனக்கென்று ஒரு வழியும் வேண்டும்.

யார் ராஜா, யார் மந்திரி?

நம் வீட்டுக் குழந்தைகளிடம் வருவோம்.

இரட்டையரில் ஒருவர் முன்னால் நிற்பார். மற்றவர் பின்னால் வருவார். ஒருவர் ராஜா, மற்றவர் மந்திரி. பல வீடுகளில் இப்படித்தான். ஆனால் வேலைக்கு வேலை இது மாறும். எங்கள் வகுப்புக் குழந்தைகளையே பாருங்கள். பேசுவது அவள். ஆனால் நாய் வந்தால் அவள் அவன் பின்னால் ஒளிந்துகொள்வாள். மாடிப்படியில் முதலில் ஏறுவது அவன்தான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாம் மாறியிருக்கலாம்.

பெரியவர்கள்தான் அதை மாற விடுவதில்லை. “இவ கெட்டிக்காரி, அவன் மக்கு” என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுகிறோம். தனியாகப் பிறந்த குழந்தைக்கு ஒப்பிட ஆள் பக்கத்து வீட்டில் இருக்கிறது. இரட்டைக் குழந்தைக்கு ஒப்பிட ஆள் பக்கத்துப் பாயிலேயே படுத்திருக்கிறது. தினமும், தூங்கி எழுந்ததும், அந்த ஒப்பீடு தொடங்கிவிடும். மக்கு என்று கேட்டவன் முயற்சியை விட்டுவிடுவான். கெட்டிக்காரி என்று கேட்டவளுக்கும் நிம்மதி இல்லை. கூடப் பிறந்தவனை ஜெயிக்கிறோம் என்ற குற்ற உணர்ச்சி வந்துவிடும். வாயை மூடு என்று திட்டும் வாங்கினால் கேட்க வேண்டாம்.

சில வீடுகளில் வேறு ஒரு கணக்கும் நடக்கிறது. ஆணும் பெண்ணுமாகப் பிறந்தால் பால் முதலில் யாருக்கு? முட்டை ஒன்று இருந்தால் யாருக்கு? காய்ச்சல் என்றால் யாரை ஓடிப்போய்க் காட்டுகிறோம்? உங்கள் தெருவில் பார்த்ததைச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் இந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் பேச்சு நடந்தது. எல்லாவற்றையும் எழுத இடம் இல்லை.

சாப்பாட்டில் ஒரு வழி உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் பிசைந்து ஊட்டாதீர்கள். வேகமாக விழுங்குகிறவர் வயிறு நிறையும். மெதுவாக மெல்லுகிறவர் பட்டினி கிடப்பார். அம்மாவுக்கு அது தெரியாது, தட்டு காலி ஆகிவிட்டதே! தனித்தனித் தட்டு என்றால் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று தெரியும். அங்கன்வாடியில் எடை போடும்போதும் இரண்டு பேரையும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒன்று நன்றாக ஏறுகிறது என்பதற்காக மற்றதும் ஏறும் என்று நினைக்கக் கூடாது.

சண்டை வரும். கடிப்பார்கள், முடியைப் பிடித்து இழுப்பார்கள். எதற்கெடுத்தாலும் பங்கு போட வேண்டியிருக்கிறதே. அம்மா மடி கூடப் பங்கு. அதனால் பங்கு இல்லாத ஒன்றிரண்டு பொருள் ஒவ்வொருவருக்கும் இருக்கட்டும். ஒரு கிண்ணம், ஒரு போர்வை, ஒரு மரப் பொம்மை. அது அவளுடையது என்றால் அவளுடையதுதான்.

ஒரே மாதிரி உடை போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், பார்க்க அழகாகத்தான் இருக்கும். எனக்குப் பிடிக்காதது வேறு ஒன்று. பெயர் சொல்லிக் கூப்பிடாமல் “ரெட்டை, இங்க வா” என்று கூப்பிடுவது. ஒருவர் போனாலும் ரெட்டைதான், இருவர் போனாலும் ரெட்டைதான். அந்தக் குழந்தைக்குத் தன் பெயர் எப்போது காதில் விழும்?

பள்ளியில் ஒரே வகுப்பில் போடுவதா, பிரிப்பதா? இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விதி கிடையாது. பயந்த குழந்தைகள் என்றால் முதல் ஆண்டு சேர்ந்தே இருக்கட்டும். ஒருவருக்காக மற்றவரே பேசுகிறார், எழுதுகிறார் என்றால் பிரித்துப் பார்க்கலாம். குழந்தைகளையே கேட்டுப் பார்க்கலாம். அவர்களுக்கும் ஒரு கருத்து இருக்கும்.

யார் மூத்தவர்?

வகுப்பு முடியும் நேரம். பாட்டி ஒரு சந்தேகம் கேட்டார்.

“டீச்சர், முதல்ல பொறந்தது இவ. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பொறந்தான் அவன். ஆனா எங்க ஊர்ல பின்னால வர்றவர்தான் மூத்தவர்னு சொல்வாங்க. உள்ள முதல்ல போனவர் வெளிய கடைசியா வருவாராம். அப்ப அவன்தானே அண்ணன்?”

ஆப்பிரிக்காவில் யொருபா மக்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். முதலில் வரும் குழந்தைக்கு டைவோ என்று பெயர். பின்னால் வருவது கெஹிண்டே. கெஹிண்டேதான் மூத்தவர். “உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வா” என்று டைவோவை முதலில் அனுப்பிவைத்தாராம்! எங்கோ இருக்கும் மக்களுக்கும் நம் பாட்டிக்கும் ஒரே கற்பனை. கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் பையில் போட்ட சாமான் மாதிரி இல்லை கரு. முதலில் வைத்தது அடியில் போகும் என்று இல்லை. கர்ப்பப்பையின் வாய் அருகில் எந்தக் குழந்தை இருக்கிறதோ அது முதலில் வரும்.

“அப்ப இவதான் அக்கா” என்றார் அந்த அம்மா.

“அஞ்சு நிமிஷ அக்கா!” என்றார் பாட்டி. எல்லோரும் சிரித்தோம்.

அன்று அந்த அம்மா ஒரு வேலையோடு வந்திருந்தார். பையிலிருந்து இரண்டு தடுப்பூசி அட்டைகளை எடுத்தார். ஒரு அட்டையில் மட்டும் விவரம் எழுதியிருந்தது. இன்னொன்று காலியாக இருந்தது. “ரெண்டு பேருக்கும் ஒரே நாள்தானே ஊசி போட்டாங்க, ஒண்ணு போதும்னு விட்டுட்டோம்” என்றார். எழுதியிருந்த அட்டையிலும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ட்வின்ஸ்’ என்று இருந்தது.

இது தப்பு. ஒரு நாள் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தால் மற்றதற்கு மட்டும் ஊசி போடுவார்கள். பிறகு யாருக்குப் போட்டோம், யாருக்கு விட்டோம் என்று எப்படித் தெரியும்? பிறப்புச் சான்றிதழும் அப்படித்தான். இரட்டைக் குழந்தை என்றால் இரண்டு பதிவு, இரண்டு சான்றிதழ். பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. இரண்டு சான்றிதழும் இருக்கிறதா என்று கேட்டேன். “இருக்கு டீச்சர், அது ஆஸ்பத்திரியிலயே பதிஞ்சு குடுத்துட்டாங்க” என்றார். நல்லவேளை.

ஏ.என்.எம். அம்மாவிடம் போய்த் தேதிகளைச் சரிபார்த்து இரண்டு அட்டையிலும் எழுதி வாங்கச் சொன்னேன். பெயரை மட்டும் இங்கேயே எழுதலாம்.

அவர் பேனாவை எடுத்தார். வகுப்பில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. மெதுவாக எழுதினார். ‘ட்வின்ஸ்’ என்பதைக் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் மகள் பெயரை எழுதினார். சுழியைச் சரியாகப் போட்டிருக்கிறாரா என்று என்னைப் பார்த்தார். பிறகு காலி அட்டையை எடுத்து மகன் பெயரை எழுதினார். வாய்க்குள் சொல்லிச் சொல்லி எழுதினார்.

அம்மா தன் பெயரைச் சொன்னது மகன் காதில் விழுந்துவிட்டது. ஓடி வந்து அட்டையைத் தொட்டான். தன் பெயரைத் தானே சொன்னான். பாதிதான் சரியாக வந்தது. அக்காக்காரி திருத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

“இரு தாயி, அவன் சொல்லி முடிக்கட்டும். அப்புறம் நீ உன் பேரைச் சொல்லு, பாட்டி கேக்கறேன்” என்றார் பாட்டி.